பருப்புப் புழுவின் பட்டினி

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, என் மனைவி முப்பது வருடமாகச் சொல்லிவந்ததற்குக் கடைசியில் கிடைத்திருந்த ஒரே சான்று, சான்றே இல்லை என்று எனக்குத் தெரியவந்தது. அவள் அப்போது பக்கத்து அறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அடுத்த வாரம் திரியெஸ்தே நகரத்தில் பேச வேண்டிய உரையைப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. "ஆகவே நண்பர்களே" என்பதை மெதுவாக ஒருமுறை, அடக்கமாக ஒருமுறை, கொஞ்சம் திமிரோடு ஒருமுறை சொன்னாள். திமிரோடு சொன்னதுதான் நன்றாக இருந்தது.

கணினியை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். குளிர்காலத்துக் கடற்காற்று கண்ணாடியில் அப்பிவிட்டுப் போன உப்பு இன்னும் துடைக்கப்படாமல் இருந்தது.

எங்கள் ஆராய்ச்சி நிலையம் இஸ்த்ரியாக் கரையில், படகுத்துறையை ஒட்டி இருக்கிறது. என் மனைவி மார்ச்செலா விலங்கியல்காரி. நான் அப்படி இல்லை. கணக்குப் படித்தவன். நிலையத்தில் அரைத்து அனுப்புகிற உயிர்களை ஸாக்ரெப் நகரத்தில் உள்ள இயந்திரம் மரபணு எழுத்துகளாக மாற்றித் திருப்பி அனுப்பும். நான்கே எழுத்துகள்தான், கோடிக்கணக்கான வரிகளாக வரும். அவற்றை வாசிப்பது என் வேலை. ஒருநாள் முழுக்க ஒருவரோடும் பேசாமல் வாசிக்கலாம் என்பதற்காகவே நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று மார்ச்செலா எல்லோரிடமும் சொல்வாள். அது பொய்யில்லை.

நான் வாசிப்பதில் மைக்ரோ ஆர்என்ஏ என்று ஒன்று உண்டு. இருபத்திரண்டு எழுத்து நீளம் இருக்கும், ஒன்றிரண்டு கூடக் குறைய. அதிலிருந்து தசையோ எலும்போ உண்டாவதில்லை. மற்ற மரபணுக்கள் பேசிக்கொண்டே இருக்கும்போது 'போதும், அடங்கு' என்று சொல்வதுதான் அதன் வேலை. எனக்கு அதன்மேல் முதலிலேயே பிரியம் வந்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ. விலங்குகளின் நீண்ட வரலாற்றில் அவ்வப்போது இப்படி ஒரு புதிய அடக்குகிற குரல் பிறக்கிறது. பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஆனால் ஒரு வம்சத்தில் நிலைத்துவிட்டதென்றால் பிறகு அது லேசில் போகாது. கோடிக்கணக்கான வருடங்கள், எழுத்து மாறாமல், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். சிப்பி, நத்தை, கணவாய் இவற்றிடம் மட்டும் உள்ளவை சில இருக்கின்றன. மண்புழுவையும் அதன் கடல் சொந்தங்களையும் சேர்த்து வளையப்புழு என்கிறோமே, அந்தக் கூட்டத்துக்கு மட்டும் என்று சில இருக்கின்றன. ஒரு விலங்கு யார் வீட்டுப் பிள்ளை என்று உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதபோது, அதனிடம் இவற்றில் எவை இருக்கின்றன என்று பார்ப்பார்கள்.

மார்ச்செலாவின் விலங்கு அப்படிப்பட்டதுதான். கடற்புல் வேர்களுக்கடியில் வாழும், துவரம்பருப்பு அளவும் நிறமும் கொண்ட ஒரு புழு. கண் கிடையாது, கால் கிடையாது, உடலில் வளையங்கள் கிடையாது. லத்தீனில் நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் பருப்பு என்போம். அவள் இருபத்தெட்டு வயதில் அதன் முட்டையை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, குஞ்சின் முதுகில் ஒரு சின்னக் குழி தோன்றி ஒரே நாளில் மறைவதைக் கண்டாள். சிப்பிக் குஞ்சுக்கு ஓடு தொடங்குகிற இடமும் அப்படித்தான் இருக்கும். ஆகவே பருப்பு, ஓட்டைத் தொலைத்த சிப்பி வீட்டுப் பிள்ளை என்றாள். அன்று அவளோடு இதே மேசையில் வேலை செய்த டோரியானோ ஒத்துக்கொள்ளவில்லை. வளையம் தொலைத்த வளையப்புழு என்றான். "குழி இருந்தா ஓடா? என் தாடையிலகூடத்தான் குழி இருக்கு" என்று ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான். அவன் திரியெஸ்தேக்குப் போய்விட்டான். பல வருடங்களாக இந்தப் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இருவரும் மாறி மாறி அதையே சொல்லிக்கொண்டார்கள். கேட்பவர்கள் புன்னகை செய்வார்கள். மார்ச்செலா எழும்போது ஒரு புன்னகை, டோரியானோ எழும்போது வேறு புன்னகை. அந்த வித்தியாசத்தை அவள் கவனிக்காமல் இல்லை.

டிசம்பரில் ஸாக்ரெபிலிருந்து எழுத்துகள் வந்தன. பருப்பிடம் சிப்பிக் கூட்டத்துக்கே உரிய ஆறு மைக்ரோ ஆர்என்ஏக்களும் இருந்தன. மார்ச்செலா அழவில்லை, சிரிக்கவில்லை. எழுந்துபோய் மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, துறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "இன்னொரு தடவை படி" என்றாள்.

*

மதியம் நிலையத்துச் சமையலறையில் பயற்றம் சூப்பும் ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல நீ" என்றாள்.

"நான் என்னைக்குப் பேசினேன்?"

"அது சரிதான். ஆனா உன் மௌனமெல்லாம் எனக்குத் தெரியும் லிவியோ. புத்தக மௌனம் ஒண்ணு. கோவ மௌனம் ஒண்ணு. இது பல்வலிக்காரன் மௌனம்."

நான் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டேன். சொல்லாமல் இருக்க முடியும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் எனக்கு நீளமாகவே இருந்தது.

"உன் பேச்சுக்குப் படம் போடலாம்னு கொண்டை ஊசிய எடுத்தேன்" என்றேன். "மறு காலப் பாத்தேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

இந்த மைக்ரோ ஆர்என்ஏ பிறக்கும்போது கொண்டை ஊசி மாதிரி மடிந்துதான் பிறக்கும். இரண்டு கால். ஒரு காலை உடல் பயன்படுத்திக்கொள்ளும். அது மாறினால் காரியம் கெட்டுவிடும் என்பதால் அது மாறுவதில்லை. மறு காலை வெட்டி எறிந்துவிடும். எறிகிற துண்டை யார் கண்காணிக்கப்போகிறார்கள்? அதில் எழுத்துகள் காலப்போக்கில் மெல்ல மெல்லப் புரளும். பிரிந்து நாளான சொந்தங்களுக்கு முதல் கால் ஒன்றாக இருக்கும், மறு கால் வேறாகியிருக்கும். எறிந்த துண்டுகள் எங்கள் எழுத்துகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும் என்பதால் டிசம்பரில் நான் அவற்றைத் தாண்டிப் போயிருந்தேன்.

"வேறயா இருக்கா?" என்றாள்.

"இல்ல. ஒண்ணா இருக்கு. ஆறும். லிம் கழியில வளருற கருப்புச் சிப்பியோட எழுத்துக்கு எழுத்து ஒண்ணா."

எல்லோரும் பார்க்கிற பக்கம் ஒன்றாக இருந்தால் அது உறவு. யாரும் பார்க்காத பக்கமும் ஒன்றாக இருந்தால் அது உறவில்லை, அதே ஆள். இதை நான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சிப்பி" என்றாள்.

"ஆமா."

"வயித்துக்குள்ள."

"ஆமா."

சூப் ஆறிப்போனது. வெளியே யாரோ படகைச் சுரண்டும் சத்தம் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

"பெர்டோ" என்று சொல்லி எழுந்தாள்.

*

ஒரு விலங்கை அரைக்கும்முன் அதைப் பட்டினி போட வேண்டும். வயிற்றில் இருக்கிறதும் சேர்ந்து அரைபட்டுவிட்டால், தின்றது யார், தின்னப்பட்டது யார் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எங்கள் நிலையத்தில் இதற்கென்றே ஒரு சின்ன அறை உண்டு. வடிகட்டிய கடல்நீர், கண்ணாடித் தட்டுகள், வேறொன்றும் இல்லை. கதவில் மார்ச்செலா தன் கையால் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தாள்: 'உணவோடு உள்ளே வருபவர்களும் அரைக்கப்படுவார்கள்.' ஒருமுறை நான் பாக்கெட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டு உள்ளே போனதற்கு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பெர்டோ எங்கள் படகோட்டி, முக்குளிப்பவர். அறுபது தாண்டியவர். கரையில் வயதில் மூத்த ஆண்களை பார்பா என்றுதான் கூப்பிடுவோம். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் பார்பா பெர்டோ. பசித்த உயிர் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துறையில் இருக்கிற பூனைகளெல்லாம் அவர் வரும் நேரத்தைத் தெரிந்து வைத்திருந்தன.

படகைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மார்ச்செலா நேராகப் போய் நின்றாள்.

"பார்பா, பட்டினி ரூம்ல புழுவுக்குச் சிப்பி போட்டீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சுரண்டியைத் துடைத்தார்.

"எப்ப, ஷோரா?" அவர் அவளை எப்போதும் அம்மணி என்கிற அர்த்தத்தில் அப்படித்தான் கூப்பிடுவார், பாதி மரியாதையும் பாதிக் கிண்டலுமாக.

"இலையுதிர் காலத்துல. அந்தப் பெரிய காத்து அடிச்சுதே, அந்த வாரம்."

"போட்டிருப்பேன்."

"போட்டிருப்பேன்னா? போட்டீங்களா, இல்லயா?"

"வயசாச்சு ஷோரா. பூனைக்குப் போடறேன். கடல்காக்காவுக்குப் போடறேன். எம் பொண்டாட்டியோட தங்கச்சிக்குப் போடறேன், அவ வாரத்துல நாலு நாள் வர்றா. எதுக்குப் போட்டேன் எதுக்குப் போடலன்னு யாரு கண்டா?"

"முப்பது வருஷம், பார்பா."

"தெரியும். அதுல பாதிக்கு மேல நான்தான தண்ணிக்குள்ள இறங்கினேன்."

அவள் உதடு மட்டும் அசைந்தது. பெர்டோ எழுந்து நின்றார்.

"திட்டிருங்க ஷோரா. உள்ள வச்சுக்காதீங்க. இன்னைக்குக் காத்தும் இல்ல, எதுத்த தீவு வரைக்கும் நல்லாக் கேக்கும்."

அவள் திட்டவில்லை. திரும்பி நடந்தாள். நான் கொஞ்சம் தங்கினேன். பெர்டோ என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி குந்திச் சுரண்டத் தொடங்கினார். "போங்க, போய்க் கூட இருங்க" என்று படகிடம் சொல்வதுபோல் சொன்னார்.

*

அன்று மாலை அவள் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ வேண்டிய தேவை ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. கை சும்மா இருக்க முடியாதபோது அவள் அதைத்தான் செய்வாள். என் மேசையிலிருந்து தண்ணீர் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு வெகுநேரம் கேட்கவில்லை.

ஓரம் உடைந்த தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஈரம் சொட்ட, என் வாசலில் வந்து நின்றாள்.

"லிவியோ. பெர்டோ இல்ல."

"தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவர் போட்டிருந்தா இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணியிருப்பார்."

அவள் சிரிக்க முயன்றாள். எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது ஒரு ஞாயித்துக்கிழமை" என்றாள். "காத்து ஜன்னலப் புடுங்குது. நீ வீட்டுல படிச்சுக்கிட்டிருந்த. நான் சும்மா பாத்துட்டு வரலாம்னுதான் வந்தேன். மத்த தட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இதுல மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துக் கெடந்துச்சுங்க. வெளுத்துப்போய். ஒண்ணு மட்டும் கண்ணாடிய ஒட்டிக்கிட்டு மேல மேல வந்துச்சு, தண்ணியத் தாண்டி. என்னப் பாத்து."

"அதுக்குக் கண்ணே கெடையாது, மார்ச்செலா."

"கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா? அத எழுதினதே நான்தான."

அவள் மடியில் இருந்த தட்டைத் திருப்பி வைத்தாள்.

"ராத்திரிச் சமையலுக்கு வாங்கின சிப்பி பையில இருந்துச்சு. நகக்கண்ணு அளவுதான். பிச்சுப் போட்டேன். எப்படி ஓடி வந்துச்சுங்க தெரியுமா? ஓடின்னா, அதுங்க ஓடற மாதிரி. இந்தத் தட்ட அரைக்க வேண்டாம், வளக்க வச்சுக்கலாம்னு நெனச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் அரைக்கற அன்னைக்கு எண்ணிக்கை பத்தல. ஸாக்ரெப் வண்டி வாசல்ல நிக்குது. 'எல்லாத்தையும் ஊத்துங்க'ன்னு சொன்னேன். பெர்டோ ஊத்தினார். இந்தத் தட்டு என் ஞாபகத்துலயே இல்ல. ஒரு துளிகூட இல்ல. இப்பக் கழுவறப்போ இந்த உடைஞ்ச ஓரத்தப் பாத்துதான் ஞாபகம் வந்துச்சு."

அவள் தட்டின் உடைந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் விளக்கைப் போடவில்லை. எத்தனையோ பேர் அவளைக் கண்டிப்பானவள் என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவளிடம் வேலை பார்த்தவர்கள் அவளைப் பற்றிச் சொல்லும் கதைகளில் எல்லாம் அந்தச் சிவப்பு மை வரும். முப்பது வருடம் காத்திருந்த விடையின் வாசலில் நின்றுகொண்டு, கண் இல்லாத ஒரு பருப்பு தன்னைப் பார்த்ததாக நினைத்து இவள் பையைத் திறந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது.

"அந்த மறு கால வேற யாராவது பாப்பாங்களா?" என்றாள்.

"இப்போதைக்கு யாரும் பாக்க மாட்டாங்க."

"டோரியானோ?"

"அவனுக்கு இதெல்லாம் படிக்க வராது. அவன் இன்னும் நுண்ணோக்கிதான்."

"அப்ப நீ மட்டும்தான் பாத்திருக்க."

"நான் மட்டும்தான்."

அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருப்பேன் என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாங்கள் இருவரும் பேசாமல் இருந்த நேரங்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஏராளம். அவற்றில் நான் பயந்தது அந்த ஒன்றில்தான்.

"திரியெஸ்தேக்கு எழுதிடு" என்றாள் கடைசியில். "இந்தத் தடவை நான் பேசலன்னு."

"என்ன காரணம் எழுத?"

"சான்று கெட்டுப்போச்சுன்னு எழுது. காய்ச்சல்னு எழுதாத."

*

மறுநாள் காலை அவள் பெர்டோவிடம் போனபோது நானும் கூடப் போனேன். ஒரு சீசா மல்வாசியா ஒயினை அவர் படகு விளிம்பில் வைத்தாள்.

"நேத்து எதுக்கு அப்படிச் சொன்னீங்க, பார்பா?"

"எப்படிச் சொன்னேன்?"

"நடிக்காதீங்க."

பெர்டோ சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஜன்னல் வழியாப் பாத்தேன் ஷோரா. படகுக் கயிறு இறுக்க வந்தப்போ. நீங்க தட்டு மேல குனிஞ்சு அதுங்ககிட்ட என்னவோ பேசிக்கிட்டிருந்தீங்க. எங்க ஷோரா புழுகூடப் பேசறாங்கன்னு நான் துறையில போய்ச் சொன்னா என்ன ஆகும்? அப்பறம் மீன்காரன்கூட நம்மள மதிக்க மாட்டான்."

"என்ன பேசினேன்?"

"காத்துல எங்க கேக்குது? மொகம் நல்லா இருந்துச்சு."

"அப்ப நான் ஊத்தச் சொன்னப்போ சொல்லியிருக்கலாமே. இந்தத் தட்டு வேண்டாம்னு."

அவர் முகத்தில் முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல் போனது. "சொல்லியிருக்கணும். நீங்க ஊத்துன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊத்திட்டேன். அது என் தப்பு."

"இல்ல."

"சரி, பாதி பாதி" என்றார் பெர்டோ. "கடல் அடங்கட்டும். புதுசாப் புடிச்சுத் தர்றேன்."

ஏப்ரலில் கடல் அடங்கியது. பெர்டோ கடற்புல் திட்டுகளில் பல நாள் இறங்கி, தேவைக்கு மேலேயே கொண்டுவந்தார். பட்டினி அறைக்குப் பூட்டுப் போட்டோம். சாவியை மார்ச்செலா என் கையில் கொடுத்தாள்.

"நான் கேட்டாலும் தராத."

"சரி."

"அழுதாலும்."

"நீயா, புழுவா?"

"ரெண்டு பேரும்."

நான் ஒரு நாற்காலியும் புத்தகமும் எடுத்துக்கொண்டு தினமும் அந்த அறையில் உட்கார்ந்தேன். அந்த அறையின் அமைதி எனக்குப் பிடித்திருந்தது. முதலில் அவை தட்டு முழுக்க அலைந்தன. பிறகு ஓரங்களுக்கு வந்தன. பிறகு ஒன்றோடொன்று நெருங்கின. நிறம் மெல்ல வெளுத்து, பருப்பு அரிசியானது. உடல் சிறுத்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு நான் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவற்றில் ஒன்று கண்ணாடியைப் பிடித்து மேலே வரத் தொடங்கியது. தண்ணீரின் விளிம்பைத் தாண்டி வந்து நின்றது. அதற்குப் பார்வை கிடையாது. உணவின் வாசத்தைத் தேடி வருகிறது, அவ்வளவுதான். நான் எழுந்து அறையை விட்டு வெளியே வந்து, கதவைப் பூட்டிவிட்டு, நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச்செலா அங்கேதான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எப்படி இருக்குங்க?"

"இருக்குங்க."

"மேல வருதா ஒண்ணு?"

நான் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அவள் என் சட்டைப் பையில் சாவி இருந்த இடத்தைத் துணியோடு சேர்த்து ஒருமுறை தட்டிவிட்டுப் போனாள்.

*

ஜூன் மாதத்தில் எழுத்துகள் வந்தன. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் கை என் தோளில் இருந்தது. நான் சிப்பிக் கூட்டத்து ஆறையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை. தோளில் இருந்த கை அசையவில்லை. ஆறாவதும் இல்லை என்று ஆனதும் அவள் பெருமூச்சு விட்டாள். அது துக்கமா என்று திரும்பிப் பார்த்தேன். தெரியவில்லை.

"அடுத்தது தேடு" என்றாள். "அவனோடது."

வளையப்புழுக்களுக்கு மட்டுமே உரியவற்றைத் தேடினேன். பெரும்பாலும் இல்லை. ஆனால் இரண்டு இருந்தன. முதல் கால் மாறாமல் இருந்தது. மறு காலைப் பார்த்தேன். நிலையத்தில் எங்களுக்குத் தெரிந்த எந்தப் புழுவோடும் அது ஒத்துப்போகவில்லை. வெகுகாலம் தனியாக இருந்து தன் போக்கில் புரண்ட எழுத்துகள். பருப்பின் சொந்த எழுத்துகள்.

"சந்தேகமே இல்லயா?"

"இல்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேற என்ன இருக்கு?"

"இருக்கறத விட இல்லாததுதான் அதிகம். எல்லாப் புழுக்கிட்டயும் இருக்கறதுல பாதிக்கு மேல இதுகிட்ட இல்ல. ஒவ்வொண்ணா விட்டுட்டு வந்திருக்கு."

உடல் சுருங்கிய விலங்குகளில் சில அப்படிச் செய்யும். வளையங்கள் போனதோடு, அவற்றை ஒழுங்கு செய்துவந்த குரல்களும் போயிருக்கலாம். முப்பது வருடம் முன்னால் அவள் அந்த உடலில் வளையங்களைத் தேடி, இல்லை என்று கண்டாள். என்றைக்குமே இல்லாததும் இருந்து போனதும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலத்தான் தெரியும். அது அவள் குற்றமில்லை என்று சொல்ல நினைத்தேன். அவள் மனம் அதற்குள் வேறெங்கோ போயிருந்தது.

"இத்தனையையும் விட்டுட்டு உயிரோட இருக்கு பாரு" என்றாள். அவள் குரலில் இருந்தது தோற்றவளின் குரல் இல்லை. பள்ளியில் மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் அம்மாவின் குரல் போல இருந்தது.

பிறகு போனை எடுத்தாள். யாரைக் கூப்பிடப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"டோரியானோ, நான் மார்ச்செலா."

"யாரு செத்தா?" என்றது டோரியானோவின் குரல்.

"யாரும் சாகல. பருப்பு வளையப்புழுதான். நீ சொன்னது சரி."

திரியெஸ்தேயில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"எத்தன நாள் பட்டினி போட்டீங்க?" என்றான் கடைசியில்.

"போதுமான நாள். இந்தத் தடவ நான் அந்த ரூமுக்குள்ளயே போகல. அதனால சரியா நடந்துச்சு." எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, காற்று, நகக்கண் அளவு சிப்பி, எதையும் விடவில்லை.

"எனக்கு சந்தோஷமா இருக்கணும்ல?" என்றான். "வர மாட்டேங்குது."

"வரும். சாயங்காலம் ஒரு கிளாஸ் ஊத்திக்கிட்டு உக்காரு, வரும்."

"நாலஞ்சு பருப்பு அனுப்பு. நான் அந்தக் குழியப் பாக்கணும்."

"குழி இல்லன்னு முப்பது வருஷமாச் சொன்ன."

"இல்லன்னு சொல்லல. ஓடு இல்லன்னுதான் சொன்னேன். குழிய நானும் பாத்தேன் மார்ச்செலா. அது எதுக்குன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது."

அவள் போனுக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தாள். "அனுப்ப மாட்டேன். நீ இங்க வா."

"வந்தா சாப்பாடு போடுவியா?"

"மொதல்ல பட்டினி. அப்பறம் பாக்கலாம்."

அவன் சிரித்தது மேசையில் அதிர்ந்தது.

போனை வைத்த பிறகு, டிசம்பர் முடிவை வைத்து நாங்கள் எழுதியிருந்த கட்டுரையைத் திறக்கச் சொன்னாள். தலைப்பையும் முடிவையும் மாற்ற வேண்டும் என்பதால் எல்லாமே மாற வேண்டும். ஆனால் அவள் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போகச் சொன்னாள். இலையுதிர் காலத்தில் அரைத்த முதல் தொகுதியை ஏன் விலக்கினோம் என்பதற்கு ஒரு வரி வேண்டியிருந்தது. நான் எழுதினேன்: 'பட்டினிக் காலத்தில் ஒரு தட்டிலிருந்த புழுக்களுக்குக் கட்டுரையின் முதல் ஆசிரியரால் தவறுதலாக உணவளிக்கப்பட்டதால், முதல் தொகுதி விலக்கப்பட்டது.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தாள்.

"'தவறுதலாக' வேண்டாம், எடுத்துரு" என்றாள். "தெரிஞ்சுதான் போட்டேன்."

எடுத்தேன்.